நரைக்கு மருதாணி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மருதாணி போட்டால் என் நரைமுடி ஆரஞ்சு நிறத்தில் பளீரென்று தெரிகிறது. கறுப்பாக என்ன சேர்க்க வேண்டும்?
– வாசகி, கும்பகோணம்

மருதாணிக்குத் தெரிந்த நிறம் அது ஒன்றுதான். இலையிலுள்ள லாசோன் என்ற சாயப்பொருள் முடியின் கெரட்டின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும்போது செம்மஞ்சளாகத்தான் தெரியும். கருமுடியில் அது மெல்லிய செம்மையாக அடங்கிவிடும். வெள்ளை முடியில் அப்படியே தெரியும். கறுப்பு வேண்டுமானால் அவுரியைத்தான் நாட வேண்டும். நீலச் சாயம் எடுப்பதற்காகத் திண்டிவனம் பக்கம் இன்றும் பயிரிடுகிறார்களே, அதே செடிதான்.

முதலில் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தலையை அலசிக்கொள்ளுங்கள். தோள்வரை முடிக்கு 100 கிராம் மருதாணிப் பொடி போதும். அதைக் குழைத்து ஐந்தாறு மணி நேரம் மூடிவைத்துப் பூசி, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ஷாம்பூ இல்லாமல் கழுவுங்கள். பிறகு அதே அளவு அவுரிப் பொடியைச் சிட்டிகை உப்புடன் வெதுவெதுப்பான தண்ணீரில் கரையுங்கள். எலுமிச்சை, தயிர் எதுவும் இதில் சேரக் கூடாது. புளிப்பு பட்டால் அவுரி சரியாகப் பிடிக்காது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் களிம்பின் மேற்பரப்பு கருநீலமாகும். உடனே பூசிவிடுங்கள். குழம்பை இறக்கிவைத்துவிட்டு வருகிறேன் என்று போனால் சாயம் வீணாகிவிடும். ஒன்றரை மணி நேரம் தலையில் இருக்கட்டும்.

அலசியதும் முடி பச்சையடித்தாற்போல் தெரிந்தால் பதற வேண்டாம். காற்றுப் பட்டு ஓரிரு நாளில் கறுத்துவிடும். அதுவரை ஷாம்பூ ஆகாது. காப்பி நிறமே போதும் என்பவர்கள் ஊறிய மருதாணியில் கரைத்த அவுரியைக் கடைசி நேரத்தில் கலந்து ஒரே தடவையாகப் பூசலாம். மருதாணி போடாமல் நரையில் அவுரியை மட்டும் பூசினால் நீலமும் பச்சையுமாக நிற்கும்.

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அவுரிப் பொடியின் சாயம் என் முடியில் ஏறவே இல்லை. ஏன்?
– வாசகர், விருதுநகர்

பழைய சரக்காக இருக்கலாம்; அல்லது வேறு ஏதோ இலைப்பொடியை மாற்றிக் கொடுத்திருக்கலாம். நில ஆவாரைப் பொடியும் பார்வைக்கு இதே பச்சைதான். ஒரு கரண்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துப் பாருங்கள். கால் மணி நேரத்தில் மேலே நீலம் படரவில்லை என்றால் அது உங்கள் தலைக்கு உதவாது.

இரும்புச் சட்டி, தேயிலை டிகாக்‌ஷன், முட்டை, தயிர், எலுமிச்சை… மருதாணியில் எதைத்தான் சேர்ப்பது?
– வாசகி, திருநெல்வேலி

தேயிலை டிகாக்‌ஷனும் நெல்லிக்காய்ப் பொடியும் நல்லவை. அவற்றிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்புச் சட்டியோடு சேர்ந்து கருமை கொடுக்கும். ஆரஞ்சு கொஞ்சம் தணிந்து பழுப்பாகும். அவ்வளவுதான், கறுப்பாகிவிடாது. எலுமிச்சை சில சொட்டு போதும், அதிகமானால் முடி வறண்டு நார்போல ஆகும். முட்டையும் தயிரும் முடியை மிருதுவாக்கும், ஆனால் சாயம் முடியைப் பிடிக்கவிடாமல் குறுக்கே நிற்கும். நரையை மறைப்பதுதான் நோக்கம் என்றால் முட்டையை ஆம்லெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

‘இயற்கைக் கருப்பு மருதாணி’ என்று பாக்கெட்டில் வாங்கிப் போட்டேன். அரை மணி நேரத்தில் முடி கறுத்தது. ஆனால் மறுநாள் நெற்றியில் அரிப்பு, கண் இமை வீக்கம்.
– வாசகர், ஈரோடு

உடனே நிறைய தண்ணீர் விட்டுத் தலையை நன்றாக அலசிவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். மூச்சு முட்டினாலோ முகம் முழுக்க வீங்கினாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

அரை மணியில் கறுக்கும் மருதாணி உலகத்தில் கிடையாது. அப்படிப்பட்ட பொடிகளில் பெரும்பாலும் பி.பி.டி. எனப்படும் பாரா-பினைலீன்டையமைன் என்ற ரசாயனம் இருக்கும். கடையில் விற்கும் சாதாரண ஹேர் டையிலும் அதுதான். ஆனால் அங்கே பெட்டியில் எச்சரிக்கை இருக்கும். இங்கே இலைப் படத்தைப் போட்டு மறைத்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்குக் கோபம். ஒருமுறை இதற்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. அடுத்த முறை இன்னும் கடுமையாக வரும். நீங்கள் இனி எந்தக் கறுப்பு டையையும் தொடாதீர்கள். பல் மருத்துவரிடமோ அறுவை சிகிச்சைக்கோ போகும்போதும் இதைச் சொல்லிவையுங்கள். மரத்துப்போகக் கொடுக்கும் சில மருந்துகள் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

மற்றவர்களுக்கு: உள்ளடக்கப் பட்டியலில் மருதாணி இலை தவிர வேறு பெயர் இருந்தால் யோசியுங்கள். கறுப்பாக இருக்கும் பொடி சுத்தமான மருதாணி அல்ல; பழுப்பாக இருந்தால் பழைய சரக்காகவோ கலப்படமாகவோ இருக்கலாம். எதுவானாலும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். ராஜஸ்தானின் சோஜத் மருதாணிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயர் போட்டிருக்கிறது என்பதற்காக இந்தச் சோதனையை விட்டுவிடக் கூடாது.

காதோரத்திலும் முன்நெற்றியிலும் மட்டும் சாயம் ஏறுவதில்லை.
– வாசகி, திருச்சி

அங்கே நரை தடிப்பாக இருக்கும், எண்ணெயும் அதிகம் தங்கும். அந்த இடங்களில் முதலில் பூசி, காயாமல் பிளாஸ்டிக் உறையால் மூடி, கடைசியாகக் கழுவுங்கள். தோலில் கறை பிடிக்காமலிருக்க நெற்றியில் தேங்காய் எண்ணெய் தடவலாம், முடியில் படாமல்.

மருதாணி போட்டாலே எனக்குச் சளி பிடிக்கிறது.
– வாசகர், உதகமண்டலம்

உங்கள் ஊரில் ஈரத் தலையோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் குளிரத்தான் செய்யும். களிம்பை வெந்நீரில் குழைத்து, வெயில் வந்தபின் பூசி, நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வேர்க்கால் மட்டும் போதும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. ஏற்கெனவே நிறம் ஏறிய நீளத்துக்கு ஒவ்வொரு தடவையும் பூச வேண்டியதில்லை.

என் மகனுக்குப் பத்தொன்பது வயதிலேயே நரை. மருதாணி போடலாமா? கறிவேப்பிலை எண்ணெய் தடவினால் மறுபடி கறுக்குமா?
– வாசகி, மதுரை

மருதாணி தாராளமாகப் போடலாம், அது நரையை மறைக்கும், நிறுத்தாது. கறிவேப்பிலை எண்ணெயோ கரிசலாங்கண்ணித் தைலமோ வெளுத்த முடியைக் கறுப்பாக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த வயதில் நரைக்கப் பரம்பரைதான் பெரும்பாலும் காரணம். ஆனாலும் வைட்டமின் பி12, தைராய்டு, இரும்புச் சத்துப் பரிசோதனைகளை ஒருமுறை செய்துகொள்வது நல்லது. ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ள குழந்தைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்குத் தலையிலோ கையிலோ மருதாணி வைக்கக் கூடாது. ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துபோகும் ஆபத்து உண்டு.