கிறிஸ்தவப் பெற்றோர் பிள்ளைகளைப் பேய்ப்படம் பார்க்க விடலாமா?

உங்கள் மகன் ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேய்ப்படம் பார்க்கிறான், நீங்கள் வெளியே நின்று ஜெபம் பண்ணுகிறீர்கள், அப்படித்தானே? கேள்வியைப் படித்ததுமே தெரிந்துவிட்டது.

என் மகளுக்கு 15 வயது, பேய்ப்படம் என்றால் உயிர். நான் தடுக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். "விசுவாசி வீட்டில் இப்படியா" என்று நல்லதையே சிந்தியுங்கள் என்கிற பிலிப்பியர் 4:8ஐத் தூக்கிக்கொண்டு சிலர் வருவீர்கள். அது எனக்கும் மனப்பாடம். அதே வேதாகமத்தில்தான் ஒரு பெண்ணை ராத்திரி முழுக்கச் சீரழித்து, அவள் உடலைத் துண்டு போடுகிற நியாயாதிபதிகள் 19ஆம் அதிகாரமும் இருக்கிறது, படித்துவிட்டு வந்து பேசுங்கள்.

பின்னணி இசை ஏற ஆரம்பித்ததும் அவள் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அணைத்துவிடுவாள். ஏன் என்று கேட்டால், "சத்தம் இல்லன்னா அது வெறும் மேக்கப் போட்ட ஆளும்மா" என்கிறாள். தனக்கு வேண்டிய அளவு மட்டும் பயந்துகொள்கிறாள், அந்த வயதில் அது ஒரு கெத்து. ஒருநாள் பேயோட்டும் படம் முடிந்த கையோடு கேட்டாள், "எந்தோர்ல சவுலுக்காக எழும்பி வந்தது நிஜமாவே சாமுவேலா, இல்ல பிசாசா?" சவுல் ராஜா எந்தோர் ஊரில் குறிசொல்கிறவளிடம் போய், செத்துப்போன தீர்க்கதரிசி சாமுவேலை எழுப்பச் சொல்கிற 1 சாமுவேல் 28ஐ எடுத்து வைத்துப் படித்தோம். சாமுவேல்தான் என்பவர்களும் உண்டு, அவர் வேஷத்தில் வந்த பிசாசு என்பவர்களும் உண்டு என்றேன், விடவில்லை. அப்புறம் மாற்கு 5, ஒரு மனிதனை விட்டு இயேசு துரத்திய லேகியோன் என்கிற பிசாசுக் கூட்டம், அது புகுந்ததால் கடலில் விழுந்த இரண்டாயிரம் பன்றிகள், அந்தப் பன்றிக்காரர்களுக்கு நஷ்டத்தை யார் கொடுத்தார்கள் என்று போய்க்கொண்டே இருந்தது. சண்டே ஸ்கூலில் ஒருநாளும் இப்படி வாய் திறந்தவள் இல்லை.

சண்டே ஸ்கூல் என்றதும் எரிச்சல் வருகிறது. பாடம் எடுக்க ஆள் வேண்டும் என்று சபையில் அறிவித்தால் ஆண்கள் எல்லோரும் மேலே மின்விசிறியைப் பார்ப்பார்கள், வழக்கம்போல அம்மாக்கள்தான் போக வேண்டும். என் மகள் என்ன படம் பார்க்கிறாள் என்று விசாரிக்க மட்டும் வரிசையில் வருவார்கள். சரி, அது வேறு கதை.

எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மனிதரைக் கட்டிவைத்துச் சித்திரவதை செய்வதையே காட்டும் படம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆவிகளோடு பேசுவதற்கென்று வைத்து விளையாடும் ஓஜா போர்டு எழுத்துப்பலகை விளையாட்டாகக்கூடக் கூடாது, செத்தவர்களிடம் குறி கேட்பதை உபாகமம் 18 நேராகவே தடுக்கிறது. கதையாகப் பார்ப்பது வேறு, இறங்கிச் செய்வது வேறு.

உங்கள் மகன் நன்றாகத் தூங்குகிறானா, இருட்டில் தனியாக எழுந்து போகிறானா என்று முதலில் பாருங்கள். போகிறான் என்றால் அடுத்த படத்துக்கு நீங்களும் உட்காருங்கள். தூக்கம் கெட்டிருந்தால் கொஞ்ச நாள் நிறுத்துங்கள், ராத்திரி போன் உங்கள் அறையில் இருக்கட்டும்.