ஹாஃப்கினும் முல்கோவால் மரணங்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காலராவுக்கும் பிளேக்குக்கும் தடுப்பூசி கண்ட வால்டெமர் ஹாஃப்கினைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். 1902இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் அவருடைய பிளேக் தடுப்பூசியால் 19 பேர் இறந்ததாகவும், மருந்தில் கிருமிநாசினியான கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை அவர் கைவிட்டதே காரணம் என்று விசாரணைக் குழு கூறியதாகவும் அறிகிறேன். அப்பழி நியாயமானதா?

ர.

அன்புள்ள ர.,

நியாயமானதல்ல என்பதே என் உறுதியான எண்ணம். அக்டோபர் 30 அன்று அவ்வூரில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. ரணஜன்னி (டெட்டனஸ்) கண்டு இறந்த 19 பேரும் 53-என் எனக் குறியிடப்பட்ட ஒரே குப்பியிலிருந்து மருந்து பெற்றவர்கள். மற்றவர்களுக்கு அந்நோய் வரவில்லை. அக்குப்பியின் தக்கையை எடுக்க வைத்திருந்த இடுக்கி தரையில் விழுந்திருக்கிறது. உதவியாளர் அதைத் தீயில் காட்டாமல் கார்பாலிக் கரைசலில் அலசிவிட்டுப் பயன்படுத்தினார். ரணஜன்னிக் கிருமியின் வித்துகள் மண்ணில் வாழ்பவை. அந்த அலசலில் அவை சாவதில்லை.

மருந்து தயாரான பம்பாய் ஆய்வுக்கூடத்திலேயே கிருமி புகுந்திருந்தால், பல வாரங்கள் மூடிக் கிடந்த குப்பிக்குள் அது பெருகி, திறந்தவுடன் துர்நாற்றம் வீசியிருக்க வேண்டும். ஆனால் ஊசி போட்ட மருத்துவர் முகர்ந்து பார்த்தபோது வாடை எதுவும் இல்லை. நோய்க்குறிகள் ஏறத்தாழ ஒரு வாரம் கழித்தே தென்பட்டதும், கிருமி அன்றுதான் உள்ளே போயிற்று என்பதற்கே பொருந்துகிறது.

கார்பாலிக் அமிலத்தை ஹாஃப்கின் அலட்சியத்தால் விடவில்லை. நெய்த்துளிகள் மிதக்கும் இறைச்சிச் சாற்றில் பிளேக் கிருமியை வளர்த்து, சூட்டினால் கொன்று மருந்தாக்குவது அவர் முறை. அச்சூடே போதும் என்பது அவர் கண்ட முடிவு. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்திலும் சூட்டினால் கொல்லும் முறை வழக்கில் இருந்தது. 1897 ஜனவரி 10 அன்று, பிறருக்குப் போடுமுன், இம்மருந்தைத் தம் உடலிலேயே செலுத்திப் பார்த்தவர் அவர்.

லண்டனின் லிஸ்டர் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் சான்றுகளை ஆராய்ந்து, விசாரணைக் குழுவின் முடிவுக்கு மாறாகக் கூறியது. 1907 ஜூலையில் ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட அறிஞர்கள் லண்டன் 'டைம்ஸ்' இதழில் அவர் குற்றமற்றவர் என்று பகிரங்கமாக எழுதினார்கள். அதன் பிறகே, பணியிலிருந்து விலக்கியிருந்த அவரை அரசு மீண்டும் அழைத்தது. ஆயினும் கல்கத்தாவில் அவருக்குக் கிடைத்தது ஏட்டளவு ஆராய்ச்சிதான். மனிதர்களிடையே சோதனை நடத்த அனுமதி தரவில்லை. அரசு செய்த இரண்டாவது அநீதி என்றே இதை நான் சொல்வேன். பம்பாய் ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது 1925இல். அவர் இந்தியாவை விட்டுச் சென்று பத்தாண்டுகள் கடந்திருந்தன.