மானிட்டர்: 24 இன்ச் ஐபிஎஸ்ஸா, 27 இன்ச் விஏவா?

ஐபிஎஸ், விஏ என்ற இரண்டு வகைத் திரைப் பேனல்களில் எந்த மானிட்டரை வாங்கலாம் என்று கேட்டீர்கள். 24 இன்ச் ஐபிஎஸ்ஸையே எடுங்கள். களியக்காவிளையில் பகலில் ஓணம் பேனர் டிசைன், ராத்திரி கேம் என்கிறீர்கள். நீங்கள் பார்த்த இரண்டுமே 1920×1080 புள்ளிகள்தான். 27 இன்ச்சில் அதே புள்ளிகள் பரந்து, இன்ச்சுக்குச் சுமார் 92 என்பது 82 ஆகிவிடும். சின்ன மலையாள எழுத்தின் சுழிகள் சொரசொரப்பாகத் தெரியும். விலை குறைந்த விஏ பேனலில் இருட்டுக் காட்சி நகர்ந்தால் நிழல் இழுபடும், கேமுக்கு அது எரிச்சல்.

வாங்குமுன் விவரத்தாளில் எஸ்ஆர்ஜிபி (திரை காட்டும் நிறங்களுக்கான அளவுகோல்) 99% இருக்கிறதா பாருங்கள். 45% என்டிஎஸ்சி (இன்னொரு நிற அளவுகோல்) என்றிருந்தால் நிறங்கள் குறைவு, எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸிலேயே (நொடிக்கு 60 முறை படம் புதுப்பிப்பது) நிற்கிறதா என்று பார்த்து, மானிட்டர் 100 ஹெர்ட்ஸ் தாங்குமானால் 100க்கு மாற்றுங்கள்.

பாறசாலை பிரஸ்ஸில் சிவப்பு மங்கியதாகச் சொன்னீர்களே, கோப்பு ஆர்ஜிபியில் (திரைக்கான நிறமுறை) போயிருக்கலாம். சிஎம்ஒய்கேவுக்கு (அச்சு மைக்கான நிறமுறை) மாற்றி ஒரு துண்டு அடித்துப் பாருங்கள். மானிட்டர் மாற்றினால் மட்டும் அது சரியாகாது.