விசிறுகிற கைக்கே வியர்த்தால்?

(சென்ற இதழில் பிள்ளைகளுக்கு ஒரு சவால் வைத்திருந்தேன். மோட்டார் கூடாது, பேட்டரி கூடாது. அட்டை, மரக்குச்சி, நூல், ரப்பர் பேண்டு, செலோடேப் மட்டும் வைத்து, மனித பலத்தில் ஓடும் ஒரு குளிர்விக்கும் கருவி செய்ய வேண்டும். ஒரு நிமிடம் விடாமல் ஓட வேண்டும், எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குக் குளுகுளுவென்று இருக்க வேண்டும். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.)

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை ஒருவர்: செய்முறைத் தாள் தயாரித்துக் கொடுத்தேன். பிள்ளைகள் அழகாகச் செய்தார்கள். ஆனால் எல்லா விசிறியும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோலவே இருக்கிறது. இதில் பொறியியல் எங்கே வருகிறது?

வரவில்லை, டீச்சர். கைவேலை வந்திருக்கிறது, அதுவும் நல்லதுதான். நானும் இதே குழியில் விழுந்தவன். ஆலைகளுக்குக் காற்று ஊதிகள் வடிவமைக்கும் வேலையில் 31 வருடம் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு சனிக்கிழமை வகுப்பு ஆரம்பித்தேன். முதல் வாரமே ஆர்வக்கோளாறில் இறக்கைகளை நானே அளந்து வெட்டி, துளைகூடப் போட்டு எடுத்துப் போனேன். 14 பிள்ளைகள், 14 ஒரே மாதிரி விசிறிகள். ஒரு சிறுமி மட்டும் கேட்டாள்: "சார், ஏன் நாலு இறக்கை?" ஒரு தாளில் நாலுதான் வெட்ட முடிந்தது என்பதுதான் உண்மையான பதில். சொல்ல வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் தாளே கொடுக்கவில்லை. "யாருக்கு வியர்க்கிறது? எங்கே வியர்க்கிறது? அவருடைய கை என்ன செய்துகொண்டிருக்கிறது?" இந்த மூன்று கேள்விகளை மட்டும் கொடுத்தேன். ஒரு அணி, படுத்தே இருக்கும் பாட்டியின் கழுத்துக்குக் காற்று வேண்டும் என்றது. இன்னொரு அணிக்கு எழுதிக்கொண்டிருக்கும் அண்ணன்தான் ஆள். இரண்டு கையும் அவனுக்கு வேலையாக இருப்பதால் காலால் மிதிக்கும் விசிறி. ஆள் மாறியதும் கருவியும் மாறிவிட்டது பாருங்கள். அப்புறம் ஒரே ஒரு கண்டிப்பு வைத்தேன்: இரண்டு வெவ்வேறு யோசனைகளை வரைந்து காட்டாமல் கத்தரிக்கோலைத் தொடக்கூடாது. ஒரே யோசனையோடு வருகிறவர் அதோடு காதலில் விழுந்துவிடுவார். பெரிய பொறியாளர்களுக்கும் இந்த வியாதி உண்டு.

பத்து வயது வாசகி: நான் செய்த விசிறிக்கு முன்னால் தெர்மாமீட்டரை வைத்துச் சுற்றினேன். வெப்பம் ஒரு டிகிரிகூடக் குறையவில்லை. என் விசிறி சரியில்லையா?

உன் விசிறிக்கு ஒன்றுமில்லை, கண்ணு. தெர்மாமீட்டர் பொய்யும் சொல்லவில்லை. விசிறி காற்றைக் குளிர வைப்பதில்லை, உன்னைத்தான் குளிர வைக்கிறது. உன் தோல் ஏறத்தாழ 33, 34 டிகிரியில் இருக்கும். தோலை ஒட்டி நிற்கும் காற்று சூடாகி, வியர்வையின் ஈரத்தையும் வாங்கிக்கொண்டு, போர்வை மாதிரி அப்படியே நிற்கும். விசிறி அந்தப் போர்வையை உருவி எறிகிறது. புதுக் காற்று வந்ததும் வியர்வை மறுபடி ஆவியாகிறது. அப்படி ஆவியாகும்போது உன் உடம்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. தெர்மாமீட்டருக்கு வியர்க்காதே!

அதற்கும் வியர்க்க வைக்கலாம். அதன் குமிழைச் சுற்றி ஒரு சின்ன ஈரத்துணியைக் கட்டிவிட்டு இப்போது சுற்றிப் பார். எண் இறங்கும். காற்று வறண்டிருக்கும் நாளில் நிறைய இறங்கும், ஈரப்பதமான நாளில் கொஞ்சமாக. இரண்டு நாளும் செய்து குறித்து வை.

இதைப் பெரியவர்களுக்கும் காட்டு. காற்று தோலைவிடச் சூடாக இருந்தால் விசிறி அந்தச் சூட்டையும் சேர்த்துத்தான் உன் மேல் தள்ளும். அதனால்தான் 40 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது மட்டும் மின்விசிறியைப் பயன்படுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஒரு தந்தை: என் மகன் கைப்பிடி வைத்த விசிறி செய்தான். சுற்றிச் சுற்றி அவனுக்குத்தான் வியர்த்துக் கொட்டியது. மனித பலத்தில் குளிர்விப்பது என்பதே ஒரு முரண்பாடு இல்லையா?

வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். பையனைத் தட்டிக்கொடுங்கள், சவாலின் நடுநரம்பைத் தொட்டுவிட்டான்.

நம் தசைகள் அவ்வளவு திறமையான இயந்திரங்கள் அல்ல. செலவாகும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் நாலில் ஒரு பங்குதான் வேலையாக வெளியே வரும். மிச்சமெல்லாம் உடம்புக்குள்ளேயே வெப்பம். கை 2 வாட் அளவுக்கு வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடம்பு 10 வாட் செலவழிக்கிறது, அதில் 8 வாட் அவனையே சூடாக்குகிறது. இந்த இடத்தில்தான் வியர்வை கைகொடுக்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியானால் சுமார் 2400 ஜூல் வெப்பம் போகும். அந்த 8 வாட்டைச் சரிக்கட்ட ஐந்து நிமிடத்துக்கு ஒரு கிராம் கூடுதலாக ஆவியானால் போதும். ஆக, மெதுவாக விசிறினால் லாபம். வெறிபிடித்த மாதிரி சுற்றினால் நஷ்டம்.

நஷ்டம் எவ்வளவு வேகமாக ஏறும் என்பதுதான் பையன்கள் நம்ப மறுக்கிற விஷயம். விசிறியின் சுழற்சி வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்று இரண்டு மடங்கு வரும், ஆனால் தேவைப்படும் சக்தி எட்டு மடங்கு. நான் வேலை பார்த்த காலத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைப் பலகையில் எழுதிக் காட்டுவோம். பிள்ளைகளுக்குப் பலகை வேண்டாம், கையே சொல்லும். 12 சென்டிமீட்டர் அட்டைச் சக்கரத்தையும் 2 சென்டிமீட்டர் உருளையையும் ரப்பர் பேண்டால் இணைத்தால், கைப்பிடி நொடிக்கு ஒரு சுற்று சுற்ற, இறக்கை ஆறு சுற்று சுற்றும். உடனே ஒருவன் 24 சென்டிமீட்டர் சக்கரம் வெட்டிக்கொண்டு வருவான். வரட்டும். கைப்பிடி கனக்கும், ரப்பர் பேண்டு வழுக்கும், அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்!

அதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. இறக்கை வீசும் பரப்பை இரண்டு மடங்காக்கி, காற்றின் வேகத்தைப் பாதியாக்கினால், அதே அளவு காற்று நகரும். சக்தியோ ஏறத்தாழ கால் பங்கு போதும். பெரிய, சோம்பேறி விசிறிதான் கைக்குச் சுகம். ஆனால் மெதுவான காற்று தோலில் அவ்வளவாக உறைக்காது. எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை உங்கள் மகன்தான் முடிவு செய்ய வேண்டும். நான் சொல்லிவிட்டால் அது என் விசிறி ஆகிவிடும்.

ஆசிரியர் ஒருவர்: எந்த விசிறி நன்றாக வீசுகிறது என்று பார்க்க எங்களிடம் கருவி இல்லை. கைதட்டலை வைத்து முடிவு செய்தோம். சரியா?

கைதட்டலில் நண்பர்கள் அதிகம் உள்ளவன் ஜெயிப்பான். ஒரு டிஷ்யூ பேப்பரை 2 சென்டிமீட்டர் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து, ஒரு குச்சியில் தொங்க விடுங்கள். பின்னால் பாகைமானியை ஒட்டுங்கள். விசிறியை அரை மீட்டர் தள்ளி வைத்துச் சுற்றினால் பட்டை சாயும். எத்தனை பாகை என்று படித்துக்கொள்ளலாம். ஒருவர் சுற்ற, ஒருவர் படிக்க, ஒருவர் எழுத, அணிக்கு மூன்று பேர் போதும். நாலாவது ஆள் வந்தால் சண்டைதான்.

சுற்றுவது ஒரே ஆளாக இருக்கட்டும், நொடிக்கு ஒரு சுற்று என்று யாராவது தாளம் போடட்டும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: இறக்கையின் சாய்வு, அல்லது நீளம், அல்லது எண்ணிக்கை. சாய்விலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். சுழலும் தளத்திலேயே தட்டையாகக் கிடக்கும் இறக்கை காற்றை வெட்டுமே தவிரத் தள்ளாது. நெட்டுக்குத்தாக நின்றால் கைதான் வலிக்கும். எங்கள் அட்டை இறக்கைகளில் பெரும்பாலும் 30 பாகையை ஒட்டித்தான் ஜெயித்தது, ஆனால் அதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஒன்று, மேலே ஓடும் மின்விசிறியை அணைத்துவிட்டு அளக்கவும். நான் அணைக்க மறந்து, அரை மணி நேர அளவுகளைக் கிழித்துப் போட்டிருக்கிறேன். அதைக் கண்டுபிடித்ததும் ஒரு பிள்ளைதான்.

எட்டாம் வகுப்பு மாணவன்: பொத்தானில் நூல் கோத்து, இரண்டு பக்கமும் இழுத்து 'விர்ர்' என்று சுற்றவிடுவோமே, அதில் இறக்கை வைத்தேன். பயங்கர வேகம். ஆனால் காற்று வந்து வந்து போகிறது. ஏன்?

தம்பி, சரியான இடத்தில் கைவைத்திருக்கிறாய். 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் இதே விளையாட்டுப் பொருளின் தத்துவத்தில் காகிதத்தால் ஒரு ரத்தம் பிரிக்கும் கருவி செய்தார்கள். கையால் இழுத்தே நிமிடத்துக்கு 1,25,000 சுற்று. அதனால் விளையாட்டுச் சாமான்தானே என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே.

உன் பிரச்சினை இதுதான். ஒரு இழுப்பில் நூலின் முறுக்கு அவிழ்ந்து, அதே வேகத்தில் மறுபக்கமாக முறுக்கிக்கொள்ளும்வரை ஒரு திசையில் சுற்றுகிறது, அடுத்த இழுப்பில் எதிர்த் திசையில். சாய்ந்த இறக்கை ஒரு திசையில் காற்றை முன்னால் தள்ளும், மறுதிசையில் பின்னால் தள்ளும். முகத்தில் பாதி நேரம் காற்று, பாதி நேரம் ஏமாற்றம்.

என் வகுப்பில் இதே இடத்தில் ஒரு அணி மூன்று வாரம் மாட்டிக்கொண்டது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். உண்மையில் கடைசி வாரம் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவர்களில் ஒருத்தி இறக்கைகளின் சாய்வை எடுத்துவிட்டு, படகுத் துடுப்பு மாதிரி நேராக நிறுத்தினாள். துடுப்பு எந்தப் பக்கம் சுற்றினாலும் காற்றை வெளிப்பக்கமாகத்தான் விசிறி எறியும். நடுவில் உறிஞ்சும், ஓரத்தில் எறியும். சுற்றிலும் ஒரு அட்டை வளையம், முகம் இருக்கும் பக்கம் மட்டும் ஒரு வாசல். ஆலைகளில் நான் வருடக்கணக்கில் பார்த்த மையவிலக்கு ஊதியின் சின்னத் தம்பி அது. ஊதி என்ற சொல்லே அவளுக்குத் தெரியாது.

உனக்கு விடையைச் சொல்லிவிட்டேனே என்று இப்போது உறுத்துகிறது. பரவாயில்லை, வளையத்தின் வாசல் எவ்வளவு அகலம் என்பதை நீயே கண்டுபிடி. வேகமாகச் சுற்றும் அட்டை கத்தி மாதிரி, கண்ணிலிருந்து தள்ளிப் பிடி. தலைமுடியைக் கட்டிக்கொள்.

ஒரு தாய்: மகள் செய்த விசிறி நாலு சுற்றில் கழன்று விழுகிறது. ராத்திரி அவள் தூங்கிய பிறகு சரி செய்து வைத்துவிடட்டுமா?

வேண்டாம். காலையில் எழுந்து, முதலில் எந்த இடம் கழல்கிறது என்று அவளை வைத்தே மெதுவாகச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அச்சு குச்சியின் துளை பெரிதாகியிருக்கும்.

கல்லூரி மாணவி: கையால் சுற்றும் விசிறி பழங்காலத்தில் இருந்ததா?

இருந்தது. ஹான் அரச காலத்துச் சீனத்தில், ஏறத்தாழ கி.பி. 180-ம் ஆண்டில், டிங் ஹுவான் என்ற கைவினைஞர் ஏழு சக்கரங்களை இணைத்து, ஒரே ஆள் சுற்றும் விசிறி செய்ததாகக் குறிப்பு இருக்கிறது. கூடத்தில் இருந்தவர்கள் நடுங்கினார்களாம். சுற்றியவரைப் பற்றி வழக்கம்போல் யாரும் எழுதவில்லை. 1556-ல் வெளியான, ஜெர்மன் அறிஞர் அக்ரிகோலாவின் சுரங்க நூலில் சுரங்கத்துக்குள் காற்று செலுத்தும் கைவிசிறிகளின் படங்கள் இருக்கின்றன.

ஆசிரியர் இன்னொருவர்: மதிப்பெண் எதற்குக் கொடுப்பது?

முதல் விசிறிக்கும் இரண்டாவது விசிறிக்கும் உள்ள வித்தியாசத்துக்கு. முதலிலேயே பிரமாதமாக வந்தவன் பாவம், அவனுக்கு இன்னொரு கடினமான ஆளைக் கண்டுபிடித்துக் கொடுங்கள்.

எட்டு வயது வாசகன்: என் நாய்க்கு விசிறி செய்யலாமா?

தாராளமாக. ஆனால் உன் நாய் நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் குளிர்ந்துகொள்ளும். காய்ந்த ரோமத்தின் மேல் விசிறினால் நமக்குக் கிடைக்கிற அளவு சுகம் அதற்குக் கிடைக்காது. வயிற்றுப் பக்கம் ஈரத்துணியால் துடைத்துவிட்டு விசிறிப் பார். அதற்கெல்லாம் முன்னால், விசிறியின் சத்தம் கேட்டு அது கட்டிலுக்கு அடியில் ஓடுகிறதா இல்லையா என்று பார்த்து எனக்கு எழுது.