தேரி மண்ணும் கார் பெயிண்டும்

கேள்வி: அண்ணாச்சி, புதுக் காரைத் தினமும் துடைத்துத்தான் வைக்கிறேன். வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். ஏன்?
— வாசகர், திசையன்விளை

பதில்: தம்பி, அந்தத் துடைப்புதான் வினையே. உங்க ஊர்த் தேரி மண், அதான் அந்தச் செம்மணல், படிந்த வண்டியில் காய்ந்த துணியைப் போட்டால், உப்புத்தாள் தேய்த்த மாதிரிதான். முதலில் ஹோஸ் பிடித்து, கூரையிலிருந்து கீழாக மண்ணை ஓடவிடுங்கள். பிறகு 2 வாளி: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு கதவு முடிந்ததும் மைக்ரோஃபைபர் துணியை வெறும் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டே ஷாம்பில் முக்குங்கள். கழுவி முடித்து அலசின வாளியைச் சாய்த்துப் பார்ப்பேன். அடியில் செக்கச்செவேலென்று மண் நெறுநெறுக்கும். அத்தனையும் பெயிண்டில் இழுபட்டிருக்க வேண்டியது! சக்கரத்துக்குத் தனித் துணி. போர்வெல் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் உப்புப் புள்ளி விழும். நிழலில் நிறுத்திக் கழுவி, உடனே ஒற்றி எடுங்கள்.