செராமிக்கை எடுத்துவிட்டு அல்னிகோ 2 போட்டால் பி.ஏ.எஃப். ஒலி வருமா?

கேள்வி: என் கிட்டாரில் இரண்டு ஹம்பக்கர்கள் (கம்பியின் அதிர்வைக் காந்தமும் இரண்டு கம்பிச் சுருள்களும், அதாவது காயில்களும், கொண்டு மின் சிக்னலாக்கும் பிக்கப்கள்). பிரிட்ஜ் பிக்கப்பில் செராமிக் காந்தம், மீட்டரில் 14 கிலோ ஓம் காட்டுகிறது. டிஸ்டார்ஷன் போட்டால் காதைக் குத்துகிறது. காந்தத்தை மட்டும் அல்னிகோ 2-ஆக மாற்றினால் 1950களின் கிப்சன் பி.ஏ.எஃப். பிக்கப் (அந்த நிறுவனத்தின் ஆரம்பகால ஹம்பக்கர்) போல ஒலிக்குமா? வீட்டிலேயே மாற்றலாமா?

பதில்: குத்தல் குறையும், ஆனால் பி.ஏ.எஃப். வராது. மாற்றும் வேலையை வீட்டிலேயே செய்யலாம்.

பி.ஏ.எஃப். பிக்கப்கள் பெரும்பாலும் 7.5 முதல் 8.5 கிலோ ஓமுக்குள் இருந்தவை. உங்களுடையது 14 காட்டுவதால் அதில் சுற்றுகள் அநேகமாக அதிகம். சுற்று கூடினால் காயிலின் இண்டக்டன்ஸ் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) கூடும், அதன் அதிர்வு உச்சம் (அது அதிகம் தூக்கிக் காட்டும் அதிர்வெண்) கீழே இறங்கும், மேல் ட்ரெபிள் மங்கி மிட் (நடு ஒலிகள்) தடிக்கும். பிக்கப்பின் அடிப்படைக் குரல் அங்கேதான் முடிவாகிறது. காந்தம் எதுவானாலும் அந்த 14 மாறாது. (ஓம் எண்ணை மட்டும் வைத்து இரண்டு பிக்கப்களை ஒப்பிடுவதும் சரியல்ல. மெல்லிய கம்பியில் சுற்றினால் அதே சுற்றுகளுக்கே ஓம் ஏறிவிடும்.)

காந்தம் மாற்றுவது வேறு சிலவற்றை. காந்தப் புலம் வலுவானால் வெளியீடு கூடும், பிக் (கம்பியை மீட்டும் சிறு துண்டு) பட்டவுடன் வரும் முதல் அடி கூர்மையாகும், பேஸ் இறுகும். வலு குறைந்தால் அந்த முதல் அடி மழுங்கி, நோட்டு கொஞ்சம் அமுங்கி எழும். இன்னொரு காரணமும் உண்டு. அல்னிகோ ஒரு உலோகக் கலவை, காயிலுக்கு அடியில் இரும்புத் துண்டு இருப்பது போல இண்டக்டன்ஸைச் சற்றே உயர்த்தும். அல்னிகோவில் 2, 3 ஆகிய இரு ரகங்களிலும் இது 5-ஆம் ரகத்தைவிட அதிகம். செராமிக்கில் இந்த விளைவு அநேகமாக இல்லை. அது பளிச்சென்று கேட்பதில் இதற்கும் பங்குண்டு.

வலுவில் அல்னிகோ 3 கடைசி. பிறகு 2, 4, 5, 8, செராமிக் என்று ஏறும். 2-இல் பேஸ் மெத்தென்று இருக்கும், ட்ரெபிள் உருண்டு வரும், மிட் முன்னால் நிற்கும். 4 எதையும் தூக்கிக் காட்டாது. 5-இல் பேஸும் ட்ரெபிளும் எழுந்து மிட் சற்றுப் பின்வாங்கும். 8 செராமிக்கை நெருங்கும் வலுவோடு மிட்டையும் விடாது.

இதே பரிசோதனையைத் தொழிற்சாலையே செய்து விற்கிறது. சீமோர் டங்கனின் ‘கஸ்டம்’, ‘கஸ்டம் 5’, ‘கஸ்டம் கஸ்டம்’ மூன்றிலும் காயில் ஒன்றுதான், சுமார் 14 கிலோ ஓம். காந்தம் முறையே செராமிக், அல்னிகோ 5, அல்னிகோ 2. மூன்றாவது தடித்த மிட்டோடு லீட் வாசிக்க அருமையானது, ஆனால் அது பி.ஏ.எஃப். அல்ல. உங்கள் பிக்கப்பும் ஏறத்தாழ அந்தத் திசையில்தான் போகும். சோலோ அதிகம் வாசிப்பவர் என்றால் அல்னிகோ 2 போடுங்கள். கனமான கெயினில் (ஆம்பின் பெருக்கம்) பாம் மியூட் (உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிப்பது) ரிதம்தான் முக்கியம் என்றால் 2-இல் தாழ்ந்த கம்பி தளர்ந்து குழம்பும். 5 அல்லது 8 எடுங்கள். பி.ஏ.எஃப். ஒலியே வேண்டுமென்றால் குறைந்த சுற்றுள்ள வேறு பிக்கப்தான் வழி.

காந்தம் வாங்குவதற்கு முன் பிக்கப்பை ஒரு மில்லிமீட்டர் கீழே இறக்கிக் கேளுங்கள். குத்தலில் பாதி அதிலேயே போய்விடுவது உண்டு.

இனி வேலை. முதலில் இருக்கும் காந்தத்தை அளந்துகொள்ளுங்கள். வழக்கமான பட்டை 60 முதல் 63.5 மில்லிமீட்டர் நீளம், 12.7 அகலம், 3.2 தடிமன். சில செராமிக்குகள் இதைவிடத் தடிமன். அங்கே மெல்லிய அல்னிகோவைப் போட்டால் இடைவெளி விழும்.

கிட்டார் கம்பிகளைக் கழற்றி பிக்கப்பை வெளியே எடுங்கள். உலோக மூடி இருந்தால் அடித்தட்டில் இரு புறமும் உள்ள ஈயத்தை உருக்கி நீக்க வேண்டும். அடித்தட்டின் பின்புறம் நான்கு சிறு திருகுகள் தெரியும். அவற்றை மூன்று நான்கு சுற்றுத் தளர்த்தினால் போதும், முழுதாகக் கழற்றாதீர்கள். பாபின்களை (காயில் சுற்றியிருக்கும் சட்டங்கள்) தூக்கினால் அடியில் ஓடும் மெல்லிய இணைப்பு அறுந்துவிடும். காயில் கம்பி தலைமுடியைவிட மெல்லியது. மெழுகு இறுக்கிப் பிடித்திருந்தால் ஹேர் ட்ரையரால் இதமாகச் சூடு காட்டுங்கள். அதிகம் காட்டினால் பாபின் வளையும்.

பிறகு ஒரு முனையிலிருந்து மரக் குச்சியால், பாபின்களுக்கு அடியில் இருக்கும் காந்தத்தை நீளவாக்கில் தள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். காந்தம் அதை வெடுக்கென்று இழுக்கும், நுனி நேராகக் காயிலில் இறங்கும்.

துருவம்தான் பலரும் சறுக்கும் இடம். இந்தப் பட்டையின் துருவங்கள் நுனிகளில் இல்லை. இரண்டு நீண்ட விளிம்புகளில் இருக்கின்றன. பழையது வெளியே வரும்போதே எந்த விளிம்பு திருகுப் பக்கம் (மேலே ஆறு திருகுகள் தெரியும் காயிலின் பக்கம்) இருந்தது என்று மார்க்கரால் குறித்துவிடுங்கள். அந்த விளிம்பை ஒரு திசைகாட்டியிடம் சில சென்டிமீட்டர் தள்ளிக் காட்டி, முள்ளின் எந்த முனை திரும்புகிறது என்று பாருங்கள். புதியதில் அதே முனையை இழுக்கும் விளிம்புதான் திருகுப் பக்கம் போக வேண்டும். ரொம்பக் கிட்டே கொண்டுபோனால் மலிவான திசைகாட்டியின் முள்ளே துருவம் மாறிவிடும். பழையதையும் புதியதையும் ஒட்டி வைக்காதீர்கள். செராமிக் பக்கத்தில் அல்னிகோ வலுவிழக்கும்.

புதியதைத் தள்ளி நுழைக்கும்போது அது ஒரு பக்கம் அந்த ஆறு திருகுகள் ஏறியிருக்கும் இரும்புப் பட்டையையும் மறுபக்கம் மற்றக் காயிலின் இரும்பு உருளைகளையும் தொட வேண்டும். பாபினுக்கு அடியில் உள்ள மர அல்லது பிளாஸ்டிக் தாங்கு துண்டு இடம் மாறாமல் இருக்கிறதா பாருங்கள். நான்கு திருகுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். தளர்வாக விட்டால் அதிக கெயினில் பிக்கப் கிறீச்சிடும்.

மாட்டியபின் சுவிட்சை நடுவில் வையுங்கள். இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கையில் பேஸே இல்லாமல் மூக்கால் பேசுவது போலிருந்தால் காந்தம் தலைகீழ். தனியாகக் கேட்டால் இந்தக் குறை தெரியாது. நான்கு இணைப்பு வயர்கள் உள்ள பிக்கப் என்றால் அதன் இரு முனை வயர்களை இடம் மாற்றிச் சரிசெய்யலாம். வயருக்குப் பின்னல் உலோக உறை போட்ட பழைய வகையில் முடியாது, ஏனென்றால் அடித்தட்டே சிக்னலில் போய்ச் சேரும். காந்தத்தைத்தான் திருப்ப வேண்டும்.

கடைசி ஃப்ரெட்டை அழுத்தி, பிரிட்ஜ் பிக்கப்புக்கும் கம்பிக்கும் 1.6 மில்லிமீட்டர் வைத்துத் தொடங்குங்கள். வலு குறைந்த காந்தம் என்பதால் முன்பைவிடச் சற்று உயர்த்த இடமிருக்கும். ஒப்பிடும்போது டிஸ்டார்ஷன் பழைய அளவுக்கு வரும்வரை ஆம்பின் கெயினை ஏற்றிக் கேளுங்கள். வெளியீடு குறைந்தாலே டிஸ்டார்ஷன் குறைந்து தெளிவாகக் கேட்கும்; அதைக் காந்தத்தின் குணம் என்று நினைத்துவிடக் கூடாது.

நெக் பிக்கப்பிலும் பட்டைக் காந்தம் என்றால் இதே முறைதான். ஸ்ட்ராட் வகை சிங்கிள் காயிலில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே ஆறு காந்தக் குச்சிகளைச் சுற்றியே கம்பி ஓடுகிறது; ஒன்றை உருவினால் காயில் போய்விடும்.