ஓட்டுக்கு 45 பவுண்டு – கடிதம்

அன்புள்ள ஐயா,

2024 ஆகஸ்டில் கிளாஸ்கோவில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்குப் போய்வந்ததைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பை வாசித்தேன். ஐந்து நாள் மாநாட்டில் ஒரு காலைப்பொழுது முழுவதையும் விருது விதிகளைத் திருத்தும் கூட்டத்தில் கழித்திருக்கிறீர்கள். எழுத்தாளர்கள் பேசும் அரங்குகளை விட்டுவிட்டு அங்கே ஏன் போய் உட்கார்ந்தீர்கள்?

இன்னொன்று. அந்த மாநாட்டில் அறிவியல் புனைகதைக்குத் தரும் ஹ்யூகோ விருதுக்கு வாசகர்களே வாக்களிக்கிறார்கள், அதற்குச் சந்தா கட்ட வேண்டும் என்கிறீர்கள். காசு வாங்கி ஓட்டுப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். காசு கொடுத்து ஓட்டுப் போடுவதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். இதில் தரம் எங்கிருந்து வரும்? மொழிபெயர்ப்புக்கென்று தனிப் பிரிவு வைத்தாலாவது நம்மைப் போன்றவர்களுக்கு வழி பிறக்கும் அல்லவா? நானும் 6,000 சொல்லில் ஒரு குறுநாவல் எழுதி வைத்திருக்கிறேன்.

ச., கோவை

அன்புள்ள ச.,

எழுத்தாளர்கள் பேசுவதை எங்கும் கேட்கலாம். தலை நரைத்த வாசகர் ஒருவர் எழுந்து, ஒரு விதியில் ‘மற்றும்’ என்று இருப்பதை ‘அல்லது’ என்று மாற்றக் கோருவதையும், அது கூடவே கூடாது என்று இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் வாதாடுவதையும் வேறெங்கே கேட்பது?

நம் ஊர்ப் பொதுக்குழுக்களைப் பார்த்தவன் நான். தீர்மானம் வாசிப்பார்கள், கை தட்டுவார்கள், பிரியாணி வரும். இங்கே கை தூக்கியதை எண்ணிப் பார்த்தார் தலைவர். இரு பக்கமும் கிட்டத்தட்டச் சமம். உடனே பாம்பெண்ணிக்கை என்று அறிவித்தார். ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். முதல் வரிசையின் ஓரத்தில் இருப்பவர் ‘ஒன்று’ என்று சொல்லி உட்கார, அடுத்தவர் ‘இரண்டு’ என்று சொல்லி உட்கார, வரிசை முடிந்ததும் எண்ணிக்கை வளைந்து பின்வரிசைக்குப் போகிறது. எனக்கு முன்னால் ஓர் அம்மாள் காலை முழுவதும் பச்சை நூலில் ஏதோ பின்னிக்கொண்டிருந்தார். தன் முறை வந்தபோது ஊசியை நிறுத்தாமலே எழுந்து, ‘நாற்பத்தேழு’ என்று சொல்லி, அமர்ந்தார். நான் நாற்பத்தெட்டு. என் வாழ்நாளில் இவ்வளவு துல்லியமாக என் ஓட்டு எண்ணப்பட்டதில்லை.

அங்கே தீர்மானம் நிறைவேறினாலும் வேலை முடிவதில்லை. அடுத்த ஆண்டு மாநாட்டிலும் அது தேற வேண்டும். அடுத்த மாநாடு வேறு ஊரில் இருக்கும், கூட்டத்துக்கு வேறு ஆட்கள் வருவார்கள். சிற்றிதழுக்கும் வணிக இதழுக்கும் நடுவே இருக்கும் பத்திரிகைகளுக்கு ஹ்யூகோவில் தனிப் பிரிவு உண்டு. அதை எடுத்துவிடலாம் என்று 2008இல் டென்வரில் முடிவானது. 2009இல் மாண்ட்ரியலில் அந்த முடிவு கவிழ்ந்தது. அந்தப் பிரிவு இன்றும் இருக்கிறது.

பிரிவுகளின் கதை எனக்குத் தீராத சுவாரசியம். 1953இல் பிலடெல்பியாவில் முதன்முதலாக விருது கொடுத்தபோது, ‘ரசிகர்களில் முதல்வர்’ என்று ஒரு பிரிவே இருந்தது. 1970இல் சிறந்த நாடக ஆக்கத்துக்கான ஹ்யூகோ (திரைப்படமும் தொலைக்காட்சியும் இதில்தான் வரும்) எதற்குப் போனது தெரியுமா? அப்போலோ 11 நிலவில் இறங்கியதைக் காட்டிய செய்தி ஒளிபரப்புக்கு! புனைகதை விருதை நிஜத்துக்குத் தூக்கிக் கொடுத்த அந்தக் குறும்பு எனக்குப் பிடித்திருக்கிறது. 2003இல் அதே பிரிவை 90 நிமிடத்தை எல்லையாக வைத்து இரண்டாக வெட்டினார்கள். திரைப்படங்களுக்கு அடியில் சிக்கிய தொலைக்காட்சி அத்தியாயங்கள் மூச்சு விடட்டும் என்று பார்த்தால், 2013இல் குறும்பிரிவின் இறுதிப் பட்டியலில் ஐந்து இடங்களில் மூன்றை ‘டாக்டர் ஹூ’ என்ற ஒரே தொடர் பிடித்துக்கொண்டது. பிறகு, ஒரு தொடருக்கு இரண்டு இடத்துக்கு மேல் கிடையாது என்று ஒரு விதி வந்தது.

காசு விஷயத்துக்கு வருகிறேன். கிளாஸ்கோவில் வாக்குரிமைச் சந்தா 45 பவுண்டு. மாநாட்டுக்கு நேரில் வராதவரும் அதைக் கட்டி வாக்களிக்கலாம். அந்த ஆண்டு பதிவான 3,813 வாக்குகளில் 377ஐ நிர்வாகிகள் தள்ளுபடி செய்தார்கள். கள்ள ஓட்டுப் போட்டவருக்குக் கற்பனை வறண்டுவிட்டது போலும்: குடும்பப் பெயரின் முதல் எழுத்தை மட்டும் அகரவரிசையில் மாற்றிக்கொண்டே போயிருக்கிறார். எண்களின் பெயர்களையே வரிசையாக மொழிபெயர்த்து ஆள்பெயர்களாக வைத்ததும் உண்டு. 377 சந்தாவுக்கும் கணக்குப் போட்டால் 17 ஆயிரம் பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. அத்தனை வாக்கும் ஒரே போட்டியாளருக்குச் சாதகம். ஆனால் அவருக்கு இது தெரியும் என்பதற்குச் சான்று இல்லாததால் அவரைப் போட்டியிலிருந்து நீக்கவில்லை. வாக்குகளை மட்டும் நீக்கினார்கள், அவர் வெல்லவில்லை. இது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன்.

தரம் எங்கிருந்து வரும் என்று கேட்கிறீர்கள். நடுவர் குழு என்றால் மூன்று பேரைச் சரிக்கட்டினால் போதும். இங்கே ‘யாருக்கும் இல்லை’ என்ற தேர்வு வாக்குச்சீட்டிலேயே இருக்கிறது. நம் நோட்டா மாதிரிதான், ஆனால் இதற்குப் பல் உண்டு. 2015இல் ஒரு கூட்டம் பேசிவைத்துப் பட்டியல் போட்டு, வாசகர்கள் முன்மொழிந்து உருவாகும் இறுதிப் பட்டியலை நிரப்பியபோது, வாசகர்கள் ஐந்து பிரிவுகளில் ‘யாருக்கும் இல்லை’ என்று போட்டுக் கதவைச் சாத்தினார்கள். அதில் நல்ல படைப்பு ஒன்றிரண்டும் அடிபட்டிருக்கலாம். 2023இல் சீனாவின் செங்டு மாநாட்டில் நடந்ததுதான் உண்மையான அசிங்கம். வாசகர்கள் முன்மொழிந்த சிலரை நிர்வாகிகள் காரணம் சொல்லாமலே ‘தகுதியில்லை’ என்று விலக்கினார்கள். அங்கே கெடுத்தது ஓட்டுப் போட்டவர்கள் இல்லை, எண்ணியவர்கள்.

மொழிபெயர்ப்புக்குத் தனிப் பிரிவு வேண்டாம் என்பது என் கட்சி. பெரிய பந்தியில் இடம் இருக்கும்போது திண்ணையில் இலை போடச் சொல்லி நாமே கேட்பானேன்? ஹ்யூகோவுக்கு எந்த மொழிப் படைப்பும் தகுதியுடையது. ஆங்கிலத்தில் முதன்முதலாக வெளியாகும் ஆண்டில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. 2015இல் சீன நாவலாசிரியர் லியூ சிசின் வென்றது பொது நாவல் பிரிவில்தான். முதலில் அறிவித்த பட்டியலில் அந்த நாவல் இல்லை. வேறொருவர் விலகிக்கொண்ட இடத்தில் நுழைந்து பரிசைத் தட்டிச்சென்றது. நெடுங்கதைப் பிரிவில் அதே ஆண்டு டச்சுக் கதையும், அடுத்த ஆண்டு சீனக் கதையும் வென்றன. அந்தச் சீனப் படைப்புகள் இரண்டையும் மொழிபெயர்த்தவர் ஒருவரே, கென் லியூ. 2012, 2013 இரண்டு ஆண்டும் தன் சிறுகதைகளுக்கு ஹ்யூகோ வாங்கியவர். வாக்காளர்கள் அவர் பெயரை நம்பித்தான் அந்தப் பக்கங்களைத் திறந்தார்கள் என்பது என் ஊகம். நமக்கு இல்லாதது அப்படி ஓர் ஆள்.

உங்கள் குறுநாவல் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் கணக்கில் 7,500 சொல் வரை சிறுகதை, 17,500 வரை நெடுங்கதை, 40,000 வரை குறுநாவல். ஆகவே தமிழில் அது வெறும் சிறுகதை. ஆனால் ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதை ஆங்கிலத்தில் ஐந்தாறு சொல்லாக உடைக்க வேண்டும். என் கதைகள் மொழிபெயர்ப்பில் ஒன்றரை மடங்கு வரை வீங்கியிருக்கின்றன. அந்தக் கணக்கில் உங்களுடையது 9,000ஐத் தொடும், நெடுங்கதைப் பிரிவுக்குப் போய்விடும். கதையை அனுப்புங்கள், வாசிக்கிறேன். மொழிபெயர்ப்பவர் எவராவது கண்ணில் பட்டால், முதலில் எனக்குச் சொல்லுங்கள்.